சும்மா தும்மிய நாள்

அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. பொதுக்கா என்றால்தான் தெரியும். 'பொது' என்பது அந்த நிறுவனத்தின் மென்பொருள் லைப்ரரிக்குப் பெயர். அதை எழுதிப் பராமரிப்பவள் அவள். பொதுவையும் அக்காவையும் சேர்த்து யாரோ ஒரு நாள் அவசரத்தில் கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

சின்ன நிறுவனம். நீச்சல் குளம், பல் ஆஸ்பத்திரி, சலவைக் கடை, புத்தகம் வாடகைக்குக் கொடுக்கும் கடை என்று சின்னச் சின்ன இடங்களுக்கெல்லாம் மென்பொருள் செய்து கொடுப்பார்கள். எதைச் செய்தாலும் தேதியை அடுக்குவது, பெயரை வரிசைப்படுத்துவது, செய்தி அனுப்புவது என்று அதே வேலைகள் திரும்பத் திரும்ப வரும். ஆளுக்கு ஒரு விதமாக எழுதிக் கெடுக்க வேண்டாம் என்று அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்ததுதான் பொது. எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை வராது. ஏதாவது உடைந்தால் மட்டும் அவள் மேசை முன்னால் வரிசையில் வந்து நிற்பார்கள். தெருக்குழாய்க்கு என்ன மரியாதையோ அதேதான் பொதுவுக்கும்.

அதில் செய்தி அனுப்பும் பகுதி அவளுக்குச் செல்லம். அது முழுக்கக் கால்பேக்கில் ஓடுவது. கால்பேக் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தையல் கடையில் துணியைக் கொடுத்துவிட்டு, போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வருகிறோம். தைத்து முடித்தால் அவர்களே கூப்பிடுகிறார்கள். நாம் வாசலில் நின்றுகொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று உயிரை வாங்குவதில்லை. அவ்வளவுதான் சமாசாரம். அவள் எழுதிய அந்தப் பகுதி, தன்னைப் பயன்படுத்துகிறவர்களிடம் மூன்று கால்பேக் கேட்கும். செய்தி போய்ச் சேர்ந்தால் என்ன செய்ய, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தால் என்ன செய்ய, சேராமல் திரும்பி வந்தால் என்ன செய்ய. மூன்றையும் நிரப்பாவிட்டால், நிரலை ஓடவிடுவதற்கு முன் சரிபார்க்கிற கம்பைலர் வாசலிலேயே மறித்துவிடும்.

அவசரக்காரர்களுக்கு மூன்றும் எழுதப் பொறுமை ஏது? அவர்களுடைய நச்சரிப்பு தாங்காமல் ஒரு மத்தியானம் அவள் 'சும்மா' என்று ஒன்றை எழுதிப் பொதுவில் போட்டாள். எந்தக் கால்பேக் கேட்கிற இடத்திலும் சும்மாவை வைக்கலாம். கூப்பிட்டால் வரும், தலையைக் காட்டும், ஒன்றும் செய்யாமல் போய்விடும். கம்பைலரும் வாயை மூடிக்கொள்ளும். அவள் ராப்பகலாக உழைத்து எழுதியதெல்லாம் ஒரு மூலையில் கிடக்க, இந்தச் சோம்பேறிதான் அலுவலகம் முழுக்கப் புகழ் பெற்றது.

இது இப்படி இருக்க, அன்று காலை அவள் வீட்டில் ஒரு பயணப்பை கட்டில்மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவளுடைய கணவர் அதில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் உள்பட. நீச்சல் மாஸ்டர். தண்ணீரைப் பார்த்தாலே அலறுகிற பிள்ளைகளைக்கூடக் கொஞ்ச நாளில் மீன்குஞ்சாக்கி விடுவார். குளத்து மருந்து நெடியிலேயே வருஷக்கணக்காக நின்றதில் மூக்குதான் கெட்டுப்போயிற்று. அவர் தும்மினால் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். கிண்டல் செய்வதற்கென்றே அவள் அந்தத் தும்மல் ஒன்றைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தாள்.

மாஸ்டர் வேலை பார்த்த பழைய குளம் விரிசல் கண்டு மூடப்பட்டுவிட்டது. புதிதாகத் திறக்கப் போகிற குளத்தில் பிள்ளைகளுக்கு மாஸ்டர் வேண்டும் என்று விளம்பரம் வந்ததும் விண்ணப்பித்தார். நேர்முகத்துக்குப் போனார். கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்த ஒரு குட்டிப் பெண்ணை, அங்கேயே தண்ணீரில் சிரித்துக்கொண்டே மிதக்க வைத்துக் காட்டினார். அன்று வீட்டுக்குப் பாடிக்கொண்டே வந்தார். அதோடு சரி. கிணற்றில் போட்ட கல் மாதிரி, குளத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. நாள் ஆக ஆக மனிதர் பாட்டை விட்டார். அப்புறம் பேச்சையும் குறைத்துக்கொண்டார்.

இதற்குள் அவளுடைய அண்ணன் போனில் வந்து ஒரு யோசனை சொன்னார். "மச்சானை இங்க அனுப்பிவை. என் டைல்ஸ் கிடங்கைப் பாத்துக்கட்டும். வீட்டுலயே உக்காந்திருந்தா மனுஷன் துருப்பிடிச்சுப் போயிடுவாரு." அண்ணன் நல்லவர்தான், நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கிடங்கு இருப்பது பஸ்ஸில் ஒரு ராத்திரிப் பயணம். எப்போதாவது ஒரு முறைதான் வீட்டுக்கு வந்து போக முடியும். அந்தக் கிடங்கில் தண்ணீர் என்று பார்த்தால் குடிக்கிற குடம் ஒன்றுதான் இருக்கும். மாஸ்டர் சரி என்றுவிட்டார். அவளும் "நல்லதுதானே" என்றுவிட்டாள். சொன்ன நாளிலிருந்து பஸ் டிக்கெட் எடுப்பதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி குளத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றாள் அவள்.

"வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க. நாமளா போய்த் தொங்கிட்டு நிக்கக் கூடாது."

அலுவலகத்தில் அவள் எல்லோருக்கும் ஓதும் பாடமே அதுதான். குளத்தின் இணையதளம்கூட அவளுடைய நிறுவனம் செய்து கொடுத்ததே. நினைத்திருந்தால் உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் விவரத்தில் மூக்கை நுழைப்பது, சலவைக்கு வந்த சட்டையைக் கடைக்காரர் மாட்டிக்கொண்டு விருந்துக்குப் போவதற்குச் சமம் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியிலிருந்து அவள் இதுவரை மாறியதில்லை.

"என்ன, முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றார் மாஸ்டர், ஒரே சட்டையை மூன்றாவது தடவையாக மடித்துக்கொண்டு.

பஸ் டிக்கெட்டை அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு அது திரும்பி வந்தது. பெட்டி நிரம்பிவிட்டதாம்.

"எத்தனை தடவை சொல்றது, அந்தப் பெட்டியைக் காலி பண்ணுங்கன்னு! பூரா நீச்சல் வீடியோ!"

"ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளை முதல் தடவையா மிதந்தது. அதுல எதைன்னு அழிக்கிறது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு, டிக்கெட்டை அவர் போனுக்கே நேராக அனுப்பிவிட்டுக் கிளம்பினாள். அவளுடைய வீட்டுச் சாவி போன வாரமே தொலைந்துபோயிருந்தது. அதனால் மாஸ்டர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அலுவலகத்துக்கு வந்து அவருடைய சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

அலுவலகத்தில் நுழைந்ததுமே முதலாளி பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கவலைப்படுவதையே ஒரு தொழிலாகச் செய்பவர், அவ்வளவுதான்.

"பொதும்மா, சலவைக் கடையில இருந்து புகார். பல் டாக்டர்கிட்ட இருந்தும் புகார். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. பட்டனை அழுத்தினோம், ஒண்ணும் ஆகலை. தப்புன்னும் வரலை, சரின்னும் வரலை. கல்லு மாதிரி உக்காந்திருக்குன்னு. என்னம்மா இது?"

அவளுக்கு உடனே பொறி தட்டியது. ஒன்றும் ஆகாமல் கல் மாதிரி உட்காருவதற்கென்றே பொதுவில் ஒரு பிரகிருதி இருக்கிறதே.

சும்மா எங்கெங்கே குந்தியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கூப்பிடப்படும்போதெல்லாம் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லலாம். ஆனால் அந்த அலுவலகத்தில் எழுதி வைத்ததை யார் படித்தார்கள்? குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டிய 'அடுத்தவர் டப்பாவைத் தொடாதீர்' என்பதையே ஒருவரும் படித்ததில்லை. காதில் விழுகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். யோசித்துக்கொண்டே போனைப் புரட்டியபோது மாஸ்டரின் தும்மல் கண்ணில் பட்டது. அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

வாடிக்கையாளர் பக்கம் போகாமல், அலுவலகத்துச் சோதனைக் கணினிகளில் மட்டும் ஓடும்படி ஒரு சின்ன மாற்றம். இனிமேல் சும்மா கூப்பிடப்பட்டால் சும்மா போகாது. தும்மிவிட்டுப் போகும்.

மாற்றத்தை அனுப்பிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஜன்னலோர மேசையிலிருந்து, கூரை அதிர, "ஹ்ஹ்ஹாஆச்ச்சூ!"

சலவைக் கடை மென்பொருள் எழுதும் பெண் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தாள். "யாருக்கா அது!"

"உன் கணினிதான். என்ன அழுத்தினே?"

"துணி ரெடின்னு செய்தி அனுப்பற பட்டன்."

"அனுப்பினது போய்ச் சேரலைன்னா என்ன செய்யணும்னு எழுதியிருக்கே?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு பொதுக்காவைப் பார்த்து அசடு வழிந்தாள். பதில் வருவதற்குள் பல் டாக்டர் மேசை தும்மியது. அதற்கு எதிர்ச்சத்தம் மாதிரி புத்தகக் கடை மேசை இரண்டு முறை தும்மியது. சற்று நேரத்தில் அலுவலகம் முழுக்க ஜலதோஷம். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒருவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, தன் சும்மாவை எடுத்துவிட்டு ஒழுங்கான கால்பேக்கை எழுதத் தொடங்கினார். வேலை பார்க்கச் சொன்னால் முனகுகிறவர்கள், கேலிக்குப் பயந்து குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். கவலையோடு வெளியே வந்த முதலாளிகூட, அடுத்தது யார் என்று பார்க்க அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

தும்மாமல் மிஞ்சியது ஒரே ஒரு மேசை. நீச்சல் குளத்து மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞனுடையது. வேகத்துக்காக அவனுக்கு ஜெட் என்று பெயர். மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவன் எழுதி முடித்து, வீட்டுக்கும் கிளம்பியிருப்பான்.

"நம்ம குளத்துக்கு ஜலதோஷமே பிடிக்காதுக்கா," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான் ஜெட். "பாருங்க, வேலைக்கு ஆள் எடுக்கற பக்கம். 'தேர்வு' அழுத்தறேன். செய்தி போயாச்சு. பச்சை விளக்கு வந்தாச்சு. தும்மல் வந்துதா?"

வரவில்லை. அவளுக்கும் அவன்மேல் கொஞ்சம் மதிப்புதான் வந்தது. ஆனால் காலையில் திரும்பி வந்த டிக்கெட் நினைவில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"சோதனைக்குன்னு நிரம்பின பெட்டி ஒண்ணு வச்சிருக்கோம்ல, அதுக்கு அனுப்பு பாப்போம்."

ஜெட் அனுப்பினான். பச்சை விளக்கு எரிந்தது. எரிந்த கையோடு, அன்றைக்கு வந்ததிலேயே பெரிதாக ஒரு தும்மல்.

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஜெட் திருதிருவென்று விழித்தான். சிரிக்காமல் நின்றது அவள் ஒருத்திதான். அந்தத் தும்மல் யாருடையது என்பது அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டி நிரம்பிய ஆளும் அவர்தான்.

"திரும்பி வந்த செய்திக்கும் பச்சை விளக்கா எரியுது?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கிளம்பினா பச்சைக்கா. திரும்பி வந்தா மாத்தணும்தான். அந்த மூணாவதுல சும்மா போட்டுட்டேன்."

"ஏண்டா அப்படிப் போட்டே?"

"நான் எங்கக்கா போட்டேன்? நீங்கதான் போட்டீங்க. உங்க மாதிரிப் பக்கத்துல இருந்து அப்படியே எடுத்தேன்."

பொதுவை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட அவள் எழுதிய மாதிரிப் பக்கத்தைத் திறந்து காண்பித்தான். முதல் கால்பேக் அழகாக எழுதியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு வரும்போது அவளுக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். அங்கே சும்மாவை வைத்து, பக்கத்தில் 'இந்த இடத்தில் உங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளவும்' என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தாள். ஜெட்டின் நிரலில் சும்மாவும் இருந்தது. அந்தக் குறிப்பும் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. சலவைக் கடையிலும் அதே குறிப்பு. பல் டாக்டரிலும் அதே. அத்தனை பேரும் அவளுடைய சோம்பலைப் பத்திரமாக நகலெடுத்து, வாடிக்கையாளர் தலையில் கட்டியிருந்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நேராக முதலாளியிடம் போனாள்.

"சார், குளத்துக்காரங்க வேலைக்குன்னு அனுப்பின செய்தியில சிலது போய்ச் சேர்ந்திருக்காது. ஆனா அவங்க திரையில பச்சைதான் எரிஞ்சிருக்கும். இப்பவே சொல்லணும்."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. "நாமளே திருத்திட்டு கமுக்கமா இருந்துட்டா ஆகாதா? நம்ம வாயாலயே போய்ச் சொல்லணுமாம்மா?"

"சொல்லலைன்னா நமக்கும் அந்தச் சும்மாவுக்கும் என்ன சார் வித்தியாசம்? இன்னொண்ணு. அந்த வேலைக்கு எங்க வீட்டுக்காரரும் விண்ணப்பிச்சிருக்காரு. அதனால யாருக்குப் போச்சு, யாருக்குப் போகலைன்னு நான் பாக்க மாட்டேன். பேசறது நீங்களே பேசுங்க."

முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை எடுத்தார். பேசி முடித்துத் திரும்பியபோது அவருடைய நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"நல்லவேளைம்மா. 'தேர்வாயிட்டீங்க'ன்னு அனுப்பினதுக்கும் பதில் இல்லை, 'அடுத்த முறை பாக்கலாம்'னு அனுப்பினதுக்கும் பதில் இல்லை, என்ன ஜனங்களோன்னு திட்டிட்டு இருந்தாங்களாம். இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் பாத்துட்டு, தேர்வானவங்க வாயைத் திறக்கலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடறதா இருந்தாங்களாம். திரும்பி வந்தது எதுன்னு நாம காட்டினா, அவங்களே ஒவ்வொருத்தரையா போன்ல கூப்பிடுவாங்க."

அப்புறம் ஜெட் தன் பெயருக்கு ஏற்ற வேகத்தில் மூன்றாவது கால்பேக்கை எழுதினான். அவள் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சரிபார்த்தாள். சர்வரில் திரும்பி வந்து கேட்பாரற்றுக் கிடந்த செய்திகளை அந்தப் புதுக் கால்பேக் வழியாக ஓட்டிவிட்டார்கள். இனி குளத்து அலுவலகத்தில் பச்சை இருந்த இடங்களில் சிவப்பு எரியும். போன் பண்ணுவது அவர்கள் வேலை.

இவளுடைய வேலை முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பாடு. மாஸ்டருக்குப் போன் போட்டு, உங்களுக்கு ஒரு தகவல் வந்திருக்கலாம் என்று சொல்லிவிடலாமா? அது 'அடுத்த முறை பாக்கலாம்' தகவலாக இருந்துவிட்டால்? ஏற்கெனவே நொந்திருக்கிற மனிதருக்கு ஆசை காட்டி, அதையும் பிடுங்கினால் என்ன நியாயம்? போனை எடுப்பாள், வைப்பாள். அவள் மேசை மட்டும் தும்முகிற வசதியோடு இருந்திருந்தால் அன்றைக்கு ஓயாமல் தும்மியிருக்கும்.

மாஸ்டர் தோளில் பையோடு உள்ளே நுழைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து புத்தகக் கடை மேசை தும்மியது. மாஸ்டர் அப்படியே நின்றார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது என்னுதாச்சே!" என்றார்.

அலுவலகம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. "அந்தத் தும்மல் நீங்களா சார்!" என்று ஜெட் எழுந்து வந்து, பெரிய நடிகரைப் பார்த்த மாதிரி கைகுலுக்கினான். சலவைக் கடைப் பெண் ஒரு தடவை நேரில் தும்மிக் காட்டச் சொன்னாள். பல நாளுக்கு அப்புறம் மாஸ்டர் முகத்தில் சிரிப்பு வந்தது. அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள்.

"இந்தா சாவி," என்றார் மாஸ்டர். "இதையும் தொலைச்சுடாதே. பஸ்ஸுக்கு நேரமாச்சு. அண்ணன்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அவள் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

"போகாதீங்க."

"என்னது?"

"அண்ணன் கேட்டப்போ நல்லதுதானேன்னு சொன்னேன்ல, அது பொய். எனக்குக் கொஞ்சம்கூட இஷ்டமில்லை. நீங்க இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. உங்களாலயும் தண்ணி இல்லாத இடத்துல இருக்க முடியாது. உங்களுக்கு வேலை கிடைக்குதோ இல்லையோ, போகாதீங்க."

மாஸ்டர் பையைப் படியில் இறக்கி வைத்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க போகணும்னு நினைக்கிறீங்களோன்னு இருந்துட்டேன்."

"நான் உனக்குப் பாரமா இருக்கேனோன்னுதான் சரின்னேன். டைல்ஸைப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வருது. குளத்துத் தரையில ஒட்டினாத்தான் அதுக்கு மரியாதை."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். பஸ் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அசையவில்லை.

போன் அடித்தபோது, அண்ணனாகத்தான் இருக்கும் என்று மாஸ்டர் தயங்கித் தயங்கி எடுத்தார். அந்தப் பக்கம் பேசியது ஒரு அம்மாள். ஸ்பீக்கர் போடாமலேயே மாடி முழுக்கக் கேட்கிற குரல்.

"நீச்சல் மாஸ்டரா? உங்களைத் தேர்வு பண்ணி எவ்வளவு நாளாச்சு! அனுப்பின செய்தி திரும்பி வந்துடுச்சுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நாளைக்கு வகுப்பு ஆரம்பம், வரீங்களா, மாட்டீங்களா? கம்பியை விடாத அந்தக் குட்டி தினம் அவ அம்மாவோட வந்து, சிரிப்பு மாஸ்டர் எங்கேன்னு எங்க உயிரை எடுக்குது!"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அவள் போனைப் பிடுங்கி, "வராரு, வராரு!" என்று கத்தினாள். அந்தச் சமயத்தில் மாஸ்டருக்கு மூக்கில் என்னவோ செய்ய, மாடிப்படி அதிரும்படி நிஜமாகவே ஒரு தும்மல் போட்டார். உள்ளேயிருந்து ஜெட் அலறினான். "அய்யய்யோ, இப்ப எந்த மேசை?"

அன்று ராத்திரி அண்ணனுக்கு அவளே போன் போட்டாள். அண்ணன் ஒரு மூச்சு திட்டிவிட்டு, "மச்சான் தண்ணியிலேயே கிடக்கட்டும், அதுதான் அவருக்கு லாயக்கு," என்று சந்தோஷமாகவே வைத்தார். பயணப்பை வாயை மூடிக்கொண்டு பரணுக்குத் திரும்பிப் போனது. மாஸ்டர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மின்னஞ்சல் பெட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு வீடியோவையும் முழுசாகப் பார்த்து, இதை மட்டும் வேண்டாம் என்று அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார். இந்த வேகத்தில் போனால் ஒன்றும் அழியாது என்று தெரிந்து, அவள் அவருக்கு இன்னொரு பெரிய பெட்டிக்கு ஏற்பாடு செய்து கொடுத்தாள்.

பிறகு மடிக்கணினியைத் திறந்து பொதுவின் மாதிரிப் பக்கத்தைத் திருத்தினாள். மூன்றாவது கால்பேக்கை எழுதத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, மாஸ்டர் வீடியோவை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல."

இதுவும் ஒரு சும்மாதான். அவள் மூக்கைச் சுளித்து, மூச்சை இழுத்து, அவரை மாதிரியே ஒரு தும்மல் போட்டுக் காட்டினாள். பக்கத்து வீட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் கொஞ்சம் நகர்ந்து, அவள் உட்காரப் பக்கத்தில் இடம் விட்டார்.

"நாளைக்கு முதல் வகுப்பு. இத்தனை நாள் தண்ணியிலேயே இறங்கலை. பயமா இருக்கு," என்றார்.